விரட்டினால் எங்கே போகும்

விமான நிலையத்தில் அவளை எல்லோரும் ‘விரட்டி’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஓடுபாதைப் பக்கம் வந்து இறங்கும் பறவைகளை விரட்டுவது அவள் வேலை. தீயணைப்பு வண்டி ஓட்டுநர் ஒருவர் கிண்டலாக வைத்த பெயர், நாளாக நாளாகக் கிண்டல் உதிர்ந்து வெறும் பெயராக நின்றுவிட்டது. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர் வீட்டுக்கு போன் செய்து, “விரட்டி இருக்காங்களா?” என்று கேட்டார். அவள் கணவர் நிதானமாக, “என்னைய விரட்டிட்டு இப்பதான் வேலைக்குக் கிளம்பினா” என்றார்.

அவள் படித்தது விலங்கியல். ஆசைப்பட்டுப் படித்ததில்லை. கேட்ட பாடத்துக்கு மதிப்பெண் போதவில்லை, விலங்கியலில் இடம் மிச்சமிருந்தது, அவ்வளவுதான். பட்டம் வாங்கியபின் அந்தச் சிறிய விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடைபோடும் வேலைக்குச் சேர்ந்தாள். எடை கொஞ்சம் கூடினால் உலகமே தங்களை ஏமாற்றுவதாக நினைக்கும் மனிதர்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் பறவைப் பிரிவில் ஓர் இடம் காலியானபோது, வெயில், புழுதி, செத்த பறவைகளைப் பொறுக்குவது என்று மற்றவர்கள் தயங்கிய அதே காரணங்களுக்காக அவள் கை தூக்கினாள். பறவை சண்டைக்கு வராது.

வேலை எளிமையானது. விடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடுபாதையின் மேற்கு முனையிலிருந்து கிளம்புவாள். வண்டியின் கூரையில் ஒலிபெருக்கி. அதில் ஆபத்தில் சிக்கிய பறவையின் அலறல் பதிவு ஓடும். அதற்கும் அசையாதவற்றுக்கு, புல்வெளியில் அங்கங்கே வைத்திருந்த எரிவாயு வேட்டுக் குழாய்கள். அவை வெடித்தால் பறவைகள் பறக்கும், காவலாளியின் தேநீர் சிந்தும். அடிபட்டுக் கிடப்பவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டு, அலுவலகக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைப்பாள். கீழ்த்தட்டு ஊழியர்களின் சாப்பாட்டுக்கு. ஒருநாள் தட்டு மாறிப்போனதிலிருந்து யாரும் அந்தப் பெட்டியில் சாப்பாடு வைப்பதில்லை.

அவளைப் பொறுத்தவரை பறவைகள் அப்போது மூன்று வகைதான். பெரியது, சின்னது, கூட்டமாக வருவது.

ஒரு காலையில், மேலெழுந்த விமானம் ஒன்று சில நிமிடங்களிலேயே திரும்பி வந்து இறங்கியது. இடது இயந்திரத்துக்குள் பறவை போயிருந்தது. பயணிகள் யாருக்கும் ஒன்றுமில்லை. சிலர் அழுதார்கள், பலர் அடுத்த விமானம் எப்போது என்று கேட்டார்கள். அவள் கையுறை போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினாள். இயந்திரத்தின் விளிம்பில் ஒரு கறையும் இறகின் துண்டொன்றும் மட்டுமே ஒட்டியிருந்தன. அவற்றை வழித்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். எது மோதியது என்று தெரிந்துகொள்வது விதி.

பதில் வந்தது. அது ஒருவகை உப்புக்கொத்தி. உள்ளங்கையில் அடங்கும் பறவை. குளிர்நாடுகளில் முட்டையிட்டுவிட்டு, குளிருக்கு முன் கடல்களைத் தாண்டித் தெற்கே வருவது. வருடாவருடம் எண்ணிக்கை குறைந்துவருகிறது என்று கடைசி வரியில் இருந்தது. அவள் அந்தத் தாளை மேலாளர் மேசையில் வைத்தாள். தரைப்பணிகளுக்கெல்லாம் பொறுப்பானவர் அவர். வாய் கடுமை, மனசு அவ்வளவு கடுமை இல்லை.

“வந்த அத்தனை பேரும் பத்திரமா இறங்கிட்டாங்க. அதப் பாரும்மா” என்றார்.

“அது சரி சார். இது எதுக்கு இங்க இறங்குச்சு?”

“எதுக்கு இறங்கினா என்ன? விரட்டினா போயிடுதுல்ல?”

“எங்க போகுது சார்?”

அவர் தாளிலிருந்து தலை தூக்கினார். “வேலிக்கு அந்தப் பக்கம் போனா நம்ம கணக்குல இல்ல” என்றார்.

பதிலில் தவறில்லை. அவருக்கு வேலிக்கு உள்ளேதான் சம்பளம். அவளுக்கும் அப்படித்தான். ஆனால் அன்றிலிருந்து அலறலைப் போட்டுவிட்டு எழும்பும் கூட்டத்தை அவள் கண்ணுக்கு எட்டும்வரை பார்க்கத் தொடங்கினாள். வேலியைத் தாண்டும், குப்பைமேட்டுப் பக்கம் திரும்பும், அதற்குமேல் தெரியாது. இத்தனை வருடம் ஒன்றை விரட்டிக்கொண்டிருந்துவிட்டு, அது என்ன, எங்கே போகிறது என்று தெரியாமல் இருந்தது அவளுக்கு முதலில் வேடிக்கையாகவும் பிறகு உறுத்தலாகவும் இருந்தது.

இதையெல்லாம் படிக்க ஒரு படிப்பு இருக்கிறது என்பது தேடத் தேடத்தான் தெரிந்தது. பாதுகாப்பு உயிரியல் என்று பெயர். கணவரிடம் சொன்னாள்.

“பாதுகாப்புன்னா? உங்க வாசல்ல நிக்கிறவங்க, பையத் தடவிப் பாக்குறாங்களே, அந்தப் பாதுகாப்பா?”

“அழிஞ்சு போற உயிருங்களக் காப்பாத்துறதப் பத்தின படிப்பு.”

“பட்டம் வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆச்சு.”

“தெரியும்.”

“சரி, பாரு” என்றார். அவர் மறுப்பதும் ஒப்புக்கொள்வதும் ஒரே குரலில்தான்.

அவருக்குக் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் கண்ணாடி அலமாரிகள், பின்பக்கம் வில்லை தேய்க்கும் இயந்திரம், அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி. விடுமுறை நாட்களில் அவள் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். எங்கெங்கே அந்த முதுகலைப் படிப்பு இருக்கிறது என்று தேடினாள். தலைசிறந்த இத்தனை என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு வரிசை போட்டிருந்தது. ஒரு வரிசையில் முதலில் இருந்தது இன்னொன்றில் இல்லவே இல்லை. எல்லாப் படங்களிலும் காடு, ஏரி, தொலைநோக்கியோடு சிரிக்கும் மாணவர்கள். தேய்ப்பு இயந்திரம் பக்கத்தில் கிர்ரென்று ஓட, அவள் ஏரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் புரியப் பல வாரங்கள் ஆன விஷயம் ஒன்று இருந்தது. இந்தப் படிப்பில் இரண்டு வழி. ஒன்று, வகுப்புக்குப் போய், பாடம் கேட்டு, தேர்வு எழுதித் தேறுவது. அதற்கு விண்ணப்பித்தால் போதும். மற்றது ஆய்வு. அதற்குப் பல்கலைக்கழகம் வாசல் இல்லை, ஆள்தான் வாசல். ஒரு பேராசிரியர், இவரை என் மாணவராக எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால்தான் உள்ளே போக முடியும். இது தெரியாமல் அவள் பல்கலைக்கழக அலுவலகங்களுக்கெல்லாம் எழுதி, அலுவலகங்கள் நன்றி சொல்லி முடித்துக்கொண்டன. தெரிந்த பிறகு ஒரே கடிதத்தைத் தட்டச்சு செய்து, பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பேராசிரியர்களுக்கு அனுப்பினாள். யாரும் பதில் எழுதவில்லை. ஒருவர் மட்டும் எழுதினார். ‘தாங்கள் குறிப்பிட்டிருப்பது என் பெயர் அல்ல’ என்று ஒரு வரி.

கணவர் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தார். “‘சிறுவயது முதலே இயற்கையின்மேல் எனக்குத் தீராத காதல்.’ இத யாரு எழுதினது?”

“நான்தான்.”

“போன வருஷம் வரைக்கும் உனக்குக் காக்காயையும் குயிலையும் பிரிச்சுச் சொல்லத் தெரியாது.”

அவள் கடிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“கடைக்கு வர்றவங்க நேரா ஃப்ரேம்கிட்டதான் போவாங்க. இது அழகா இருக்கு, அது அழகா இருக்குன்னு மாட்டி மாட்டிப் பாப்பாங்க. பவர் என்னன்னு கேட்டா முழிப்பாங்க. நீயும் ஏரி நல்லாயிருக்கு, கட்டடம் நல்லாயிருக்குன்னு ஃப்ரேமாப் பாத்துட்டிருக்க. உனக்கு எது தெரியல, அத மொதல்ல எழுது.”

கோபம் வந்தது. இரண்டு நாள் கணினிப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் போய் நான்கே வரியில் ஒரு கடிதம் எழுதினாள். ‘நான் ஒரு விமான நிலையத்தில் பறவைகளை விரட்டுகிறேன். விரட்டப்படும் பறவைகள் எங்கே போகின்றன, போன இடத்தில் அவற்றுக்கு என்ன ஆகிறது, திரும்பி வருகின்றனவா என்று எனக்குத் தெரியாது. என் மேலாளருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை.’ அதைப் பறவைகளைப் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு மட்டும், அவர்கள் எழுதியதில் ஒன்றையாவது படித்துவிட்டு, ஒவ்வொருவராக அனுப்பினாள்.

இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று எல்லா வரிசைகளிலும் இருந்த பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து. அதன் பேராசிரியர் உலகப் புகழ்பெற்றவர். ‘சுவையான கேள்வி. விண்ணப்பியுங்கள்’ என்று எழுதியிருந்தார். மற்றது எந்த வரிசையிலும் இல்லாத ஒரு சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து. ரயிலில் அரைநாள் தூரம். அங்கிருந்த பேராசிரியை, ‘ஒருநாள் நேரில் வாருங்கள், பேசலாம்’ என்று எழுதியிருந்தார். அவள் பெரிய இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, சிறிய இடத்துக்கு ரயில் ஏறினாள்.

பேராசிரியையின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும் மூலையில் அவர் நாற்காலி. ஐம்பதைத் தாண்டியவர், குட்டையானவர். அதனால் அவர் தலை இடிக்கவில்லை. பார்க்க வருபவர்களின் தலைதான் இடிக்கும். அவள் தலையும் இடித்தது.

“எல்லாருக்கும் இடிக்கும், உக்காருங்க” என்றார். “உங்க இடத்துல எந்தப் பறவை அதிகம்?”

“ஆள்காட்டி, மேடம். கிழக்குப் பக்கம் நிறைய. மேற்குல கம்மி.” அவள் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். “மேற்குல மழைநீர்க் கால்வாய மூடிட்டாங்க. அதனாலதான் கம்மியாயிடுச்சு. நான் வருஷக்கணக்கா பாத்துட்டிருக்கேன்.”

பேராசிரியை ஒரு தாளில் நீளமாக ஒரு கோடு போட்டார். “இதுதான் உங்க ஓடுபாதை. காலைல வண்டிய எங்கிருந்து எடுப்பீங்க?”

“மேற்கு முனையிலேருந்து.”

“தினமும்?”

“தினமும்.”

“அலறல் எங்க போடுவீங்க?”

“எடுத்த உடனே.”

“அப்ப மேற்குல இருந்ததெல்லாம் எந்திரிச்சு எங்க போகும்?”

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். கோட்டைப் பார்த்தாள். மேற்கே எழும்பும் பறவைகள் வண்டிக்கு முன்னால் பறந்து கிழக்கே போய் இறங்கும். பிறகு அவள் கிழக்கே போய் அவற்றை எண்ணுவாள். இத்தனை வருடமாக அவள் பார்த்தது பறவைகளை அல்ல, தன் ஜீப்பை.

பேராசிரியை அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. தேநீர் வரவழைத்தார். தேநீர் ஆறும் வரை இருவரும் வேறு எதையோ பேசினார்கள்.

“இந்த வருஷம் எங்கிட்ட இடம் இல்ல” என்றார் கடைசியில். “உதவித்தொகையும் இல்ல. இருந்தாலும் இப்ப எடுத்திருக்க மாட்டேன். உங்களுக்குப் புள்ளியியல் தெரியாது. எண்ணத் தெரியுது, எண்ணினத நம்பலாமா வேண்டாமான்னு பாக்கத் தெரியல. அதப் படிச்சுட்டு வாங்க. அடுத்த வருஷமும் உறுதி சொல்ல மாட்டேன்.”

ரயிலில் திரும்பி வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கோட்டில் இத்தனை வருடங்களும் தலைகீழாகிவிட்டன. பக்கத்து இருக்கைப் பெண்மணி, எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார். “ஒரு படிப்பு விஷயமா” என்றாள். “பிள்ளைக்கா?” என்று கேட்டார் அவர். “ஆமா” என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் கணவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். மகளுக்கு அப்போது பள்ளியின் மேல்வகுப்பு. அவள் தன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “ஃபெயிலாம்மா?” என்று கேட்டாள். “ஃபெயில்னும் சொல்ல முடியாது” என்றாள் அம்மா. “அப்ப ஃபெயில்தான்” என்றாள் மகள்.

அடுத்த மாதமே பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து இடம் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. உதவித்தொகையோடு. அவள் அதைப் பலமுறை படித்தாள். மாடிப்படிக்கு அடியில் இடித்துக்கொண்ட தலைக்கு மருந்து போட்டதுபோல இருந்தது. விமான நிலையத்தில் சேதி பரவிற்று. தீயணைப்பு ஓட்டுநர் கை கொடுத்தார். மேலாளர், “ஊர் உலகத்துப் பறவையெல்லாம் விரட்டப் போறியாக்கும்” என்றார். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

அக்காவுக்குச் சொல்லப் போனாள். அக்கா ஒரு மருத்துவமனையில் மருந்து எடுத்துக்கொடுப்பவர். எதையும் தேதி பார்த்து, பெயரைப் படித்து, திருப்பி ஒருமுறை படித்துத்தான் கையில் கொடுப்பார். வாழ்க்கையிலும் அப்படித்தான்.

“இந்த வயசுலயா? பொண்ணு காலேஜ் போற நேரத்துல நீயும் போறியா? ஒரே பைய ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தூக்கிட்டுப் போங்க” என்றார்.

“உதவித்தொகை தர்றாங்கக்கா.”

“தருவாங்க. அந்த வாத்தியாரு எப்பிடி?”

“உலகத்துக்கே தெரியும் அவர.”

“உலகத்துக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? ஒரு வீட்டுக்குக் குடி போறோம்னா வீட்டுக்காரரயா கேப்போம்? அங்க ஏற்கெனவே குடியிருக்கிறவங்களத்தான் கேப்போம், தண்ணி வருதான்னு. யாரையாவது கேட்டியாடி?”

கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தோன்றியிருக்கவில்லை. புகழ்பெற்றவரின் ஆய்வுக்குழுப் பக்கத்தில் மாணவர்களின் பெயர்கள் இருந்தன. ஒரு பெண்ணுக்கு எழுதினாள். அந்தப் பெண் எழுத்தில் எதுவும் சொல்லாமல், போனில் பேசலாமா என்று மட்டும் கேட்டாள்.

பேச்சு சுற்றி வளைத்துத்தான் தொடங்கியது. பிறகு அந்தப் பெண்ணே, “அக்கா, நேராவே சொல்லிடறேன்” என்றாள். “சார் ரொம்ப நல்லவர். திட்ட மாட்டாரு. ஆனா ஆள் ஊர்லயே இருக்க மாட்டாரு. வருஷத்துக்கு ரெண்டு தடவ பாத்தா பெரிய விஷயம். நாங்க முப்பது பேர் இருக்கோம். என்னைய அவருக்கு இன்னும் என் பக்கத்து சீட்டுப் பொண்ணு பேருலதான் தெரியும்.”

“ஆராய்ச்சி?”

“உங்க ஏர்போர்ட்டெல்லாம் இங்க நடக்காதுக்கா. இங்க பெரிய திட்டம் ஒண்ணு ஓடுது. அதுல ஒரு துண்டு உங்களுக்குத் தருவாங்க. செயற்கைக்கோள் படம் பாக்கணும். நல்ல வேலைதான். வெளில போகவே வேண்டாம், ஏசி ரூம். சில பேருக்கு அதுதான் பிடிக்கும். உங்களுக்கு எப்பிடின்னு தெரியல.”

அவள் நன்றி சொன்னாள். அந்தப் பெண்ணிடம் குறையாகச் சொல்லும் குரல் இல்லை. எந்தப் பேருந்து எங்கே போகும் என்று சொல்பவரின் குரல்தான் இருந்தது.

முடிவெடுக்கப் பத்து நாள் கெடு இருந்தது. கணவரிடம், “நீங்க என்ன நெனைக்கிறீங்க?” என்று கேட்டபோது, “நான் நெனைக்கிறது எனக்கு. உனக்கு அந்தக் கேள்வி வேணுமா, அந்தப் பேரு வேணுமா?” என்றார். கெடு முடிவதற்கு முந்தின நாள், வர இயலவில்லை என்று பெரிய பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். எந்த இடமும் கையில் இல்லை. இருந்த ஒன்றையும் விட்டாயிற்று.

அக்கா ஒரு வாரம் பேசவில்லை. “குடியிருக்கிறவங்களக் கேளுன்னுதான் சொன்னேன். வீடே வேண்டாம்னு தெருவுல நிக்கச் சொல்லல” என்று பிறகு சொன்னார். விமான நிலையத்தில், இடம் கிடைத்ததே பொய்யாக இருக்கும் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அவளும் விளக்கப் போகவில்லை.

அந்த வருடம் அவள் புள்ளியியல் படித்தாள். வேலை முடிந்து வந்து, மகளோடு அதே மேசையில். கணக்கு அவளுக்கு எப்போதும் வேப்பங்காய். மகளுக்கு அது சுலபமாக வந்தது. அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மகளுக்குப் பொறுமை கிடையாது. “இப்பதானம்மா சொன்னேன்” என்பாள். இதே வார்த்தையை இதே குரலில் தான் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும், அதனால் கோபப்படவும் முடியவில்லை.

படிக்கப் படிக்க அந்தக் கோடு அவளை விடவில்லை. மேலாளரிடம் போனாள்.

“சார், தினமும் மேற்கிலேருந்து கிளம்பாம, ஒருநாள் கிழக்கு, ஒருநாள் மேற்குன்னு மாத்திக்கலாமா?”

“எந்த நாள் எதுன்னு யாரு முடிவு பண்றது?”

“காசு சுண்டிப் பாக்கணும் சார். நானா முடிவு பண்ணக்கூடாது. பண்ணினா எனக்குத் தோதான பக்கம் போயிடுவேன்.”

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். “பூவா தலையா போட்டுப் பறவை விரட்டுற ஒரே ஏர்போர்ட் நம்மளுதாத்தான் இருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு. விமானம் இறங்குற நேரத்துல சுண்டிட்டு நிக்காத” என்றார்.

தீயணைப்பு ஓட்டுநருக்கு அது தினப்படிப் பொழுதுபோக்காயிற்று. வெளியே வந்து நின்று, “இன்னிக்கு யாருக்கு யோகம்?” என்று கேட்பார். குளிர்காலம் முழுக்கச் சுண்டினாள். கிழக்கிலிருந்து கிளம்பிய நாட்களில் ஆள்காட்டிகள் மேற்கே நிறைய இருந்தன. மேற்கிலிருந்து கிளம்பிய நாட்களில் கிழக்கே. கால்வாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவள் பேராசிரியைக்கு எழுதினாள்: ‘நான் சொன்னது தவறு. சரிபார்த்துவிட்டேன். கால்வாய் காரணமில்லை, என் வண்டிதான் காரணம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் போவது எத்தனை என்று இப்போதும் தெரியவில்லை.’

அன்று மாலையே பதில் வந்தது. ‘ஒரு இடம் இருக்கிறது. தலை ஜாக்கிரதை.’

படிப்பு இரண்டு வருடம். முதல் பாதி வகுப்புகள். உடன் படித்தவர்கள் அவள் வயதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியவர்கள், முதலில் மேடம் என்றார்கள், பிறகு அக்கா, பரீட்சைக்கு முந்தின வாரத்திலிருந்து ‘நீ’. மறுபாதி களப்பணி, அவளுடைய விமான நிலையத்திலேயே. மேலாளர் மேலிடத்துக்கு எழுதி, அவளுக்கு நீண்ட விடுப்பும், படிக்கும் காலத்திலும் உள்ளே வர அனுமதியும் வாங்கிக்கொடுத்தார். ‘நிலையத்துக்குப் பயன்படும்’ என்று அவர் எழுதியிருந்தார். தான் அதை நம்பவில்லை என்பதையும் அவளிடம் சொன்னார்.

வலைபோட்டு ஆள்காட்டிகளைப் பிடித்து, காலில் நிற வளையங்கள் மாட்டினாள். ஆள்காட்டியை ஏமாற்றுவது லேசில்லை. பெயரே அதுதான். மனிதத் தலை தெரிந்தால் ஊரைக் கூட்டிவிடும். வலையை விரித்துவிட்டுப் புல்லில் குப்புறப் படுத்துக் கிடப்பாள். ஒருமுறை கோபுரத்திலிருந்து, ஓடுபாதை ஓரம் யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்று ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டார்கள். வலை, பறவை, அன்றைய நாள் மூன்றும் போயிற்று.

வளையம் மாட்டியவற்றைத் தேடி வேலிக்கு வெளியே நடந்தாள். முதல் மாதங்களில் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு குப்பைமேட்டுக்குப் பின்னால், கழிவும் மழைநீரும் சேர்ந்து தேங்கிய ஒரு குட்டையைக் கண்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க முடியும். அங்கே இருந்தன. சிவப்பு வளையம், மஞ்சள் வளையம். பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே நிதானமாக மேய்ந்துகொண்டு. அவற்றோடு, எங்கிருந்தோ வந்த ஒரு சிறு கூட்டம் உப்புக்கொத்திகளும்.

முடிவுகள் பேசிப் பெருமைப்படும்படி இல்லை. விரட்டினால் பறவைகள் குட்டைக்குப் போகின்றன. வண்டி போனதும் திரும்பி வருகின்றன. வேட்டுச் சத்தத்துக்கு முதல் சில நாள்தான் பயம், அப்புறம் அதுவும் ஒரு சத்தம். ஒட்ட வெட்டிய புல்தான் அவற்றைக் கூப்பிடுகிறது. ஒரு பகுதியில் புல்லை உயரமாக விட்டுப் பார்த்தாள். ஆள்காட்டிகள் குறைந்தன. எலிகள் பெருகின. எலிகளுக்காகப் பருந்துகள் வந்தன. பருந்து ஆள்காட்டியைவிடப் பெரியது, இயந்திரத்துக்கு இன்னும் மோசம். புல் எவ்வளவு உயரம் இருந்தால் இரண்டும் வராது என்பதைக் கண்டுபிடிக்க இன்னொரு வருடம் வேண்டியிருந்தது. அந்த வருடம் அவளிடம் இல்லை. ஆய்வேட்டில் அதையே எழுதினாள். ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தைத்தான் ஒப்புக்கொண்டார், மற்றவற்றில் நிறையக் கேள்வி கேட்டார். தேர்ச்சி என்றார்கள். மிகச்சிறப்பு என்று சொல்லவில்லை.

பட்டத்தோடு வேலைக்குத் திரும்பிய அன்று தீயணைப்பு ஓட்டுநர் கேட்டார். “கடைசியா என்னதான் கண்டுபிடிச்சீங்க?”

“விரட்டினா போகும். அப்புறம் திரும்பி வரும்.”

“இதுக்கு ரெண்டு வருஷமா?”

“மூணு. கணக்குப் படிச்சதையும் சேத்தா.”

மேலாளர் ஆய்வேட்டை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். சில வாரம் கழித்து வேட்டுக் குழாய்களில் பாதியை எடுக்கச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. காவலாளி மட்டும் நன்றி சொன்னார்.

அதன்பின் நடந்ததுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. குப்பைமேட்டுக் குட்டையை மண்கொட்டி மூட நகராட்சி முடிவெடுத்தது. கொசு, நாற்றம், அக்கம்பக்கத்தார் புகார், எல்லாம் நியாயமான காரணங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அவள் போனாள். எழுந்து, குட்டையை மூடினால் இந்தப் பறவைகளுக்குப் போக வேறு இடம் இல்லை, அவை ஓடுபாதைக்கே வரும், உப்புக்கொத்திகளும் வரும் என்று சொன்னாள். கையில் வைத்திருந்த வரைபடத்தை நகராட்சிப் பொறியாளர் வாங்கிப் பார்த்தார்.

“எங்களுக்குக் கொசு முக்கியம்மா” என்றார்.

“எனக்கும் சார். நானும் அந்தக் கொசுக்கடிலதான் நின்னேன்.”

சிலர் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேச்சு நீண்டது. இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. குட்டையில் பாதியை மூடுவது, கழிவு வரும் வாய்க்காலைத் திருப்பிவிடுவது, மீதிப் பாதியை விட்டுவைப்பது. யாருக்கும் முழுத் திருப்தியில்லை. பாதி மூடுவதற்கான லாரிகள் வந்த வாரம், அவள் வேலிக்கு உள்ளே நின்று எண்ணினாள். ஓடுபாதையில் ஆள்காட்டிகள் முன்னைவிடக் கூடியிருந்தன. காசைச் சுண்டிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள், அதனால் எண்ணிக்கையை நம்பலாம்.

பேராசிரியை முனைவர் பட்டத்துக்கு வரச்சொல்லி எழுதினார். மகளின் படிப்பு முடியட்டும் என்று இவள் பதில் எழுதினாள். அது சாக்கா காரணமா என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அக்கா இப்போதெல்லாம் மருந்து வாங்க வருபவர்களிடம், “எந்தங்கச்சி பறவை டாக்டர்” என்கிறார். டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியாயிற்று.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரை மீதமிருந்த குட்டைக்குக் கூட்டிப்போனாள். அவர் இதுவரை வந்ததில்லை. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கடையிலிருந்து எடுத்துவந்த தொலைநோக்கியைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“அந்தா, கல்லு மாதிரி இருக்கே, அதா?”

“அது கல்லுதான். பக்கத்துல பாருங்க.”

உப்புக்கொத்திகள் சேற்றோரம் ஓடி ஓடி நின்றுகொண்டிருந்தன. ஒன்றின் காலில் வளையம் ஒன்று மினுங்கியது. அவள் மாட்டியது அல்ல. உப்புக்கொத்திக்கு அவள் வளையம் மாட்டியதே இல்லை. வேறு எங்கோ, எவரோ மாட்டியது. நிறத்தைப் படிக்கப் பார்த்தாள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. பச்சையாக இருக்கலாம், நீலமாகவும் இருக்கலாம்.

“என்ன கலரு?” என்று கேட்டார் கணவர்.

“தெரியல.”

லாரி ஒன்று குப்பைமேட்டில் ஏறியது. கூட்டம் எழும்பித் தாழப் பறந்து ஒரு வட்டம் போட்டது. இருவரும் அது இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள்.